பதிவேற்றும் மென்பொருளுக்குள் கடவுச்சொல்லை வைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பும் மென்பொருள்களை எழுதுவோரும் எழுதி வாங்குவோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாக் கேள்விகளும் ஒரே எண்ணத்திலிருந்து புறப்படுகின்றன: பயனருக்குச் சிரமம் இருக்கக் கூடாது, பொத்தானை அழுத்தினால் கோப்பு போய்ச் சேர வேண்டும், அதற்காக எஃப்டிபி (கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பும் பழைய நெறிமுறை) கணக்கின் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மென்பொருளிலேயே எழுதிவிடலாம் என்பது. நோக்கம் நல்லது; வழிதான் ஆபத்தானது. பிந்தைய விடைகள் முந்தையவற்றைச் சார்ந்திருப்பதால், முதன்முறை படிப்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. கடவுச்சொல்லை மென்பொருளுக்குள் வைப்பது என்று எதைச் சொல்கிறீர்கள்? எல்லா மென்பொருளும் கடவுச்சொல்லைச் சேமிக்கத்தானே செய்கிறது?

இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் தம் சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லைத் தம் கணினியில் உள்ள மென்பொருளில் உள்ளிட்டு, அதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வது ஒன்று. மென்பொருளை எழுதியவர் தம்முடைய சர்வரின் கடவுச்சொல்லை அதற்குள் வைத்துப் பிறருக்கு விநியோகிப்பது மற்றொன்று. முதலாவதில் ரகசியத்துக்கு உரியவரும் கணினிக்கு உரியவரும் ஒருவரே. இரண்டாவதில் ரகசியம் ஒருவருடையது, அது இருக்கும் கணினி இன்னொருவருடையது. இந்தப் பக்கம் பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது. முதலாவதை 16-ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

மூலநிரலில் நேரடியாக எழுதினாலும், அமைவுக் கோப்பில் வைத்து நிறுவியோடு சேர்த்து அனுப்பினாலும், பேட்ச் ஃபைலில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) ஒரு வரியாகப் போட்டாலும், மொபைல் செயலிக்குள் வைத்தாலும் விளைவு ஒன்றுதான். மென்பொருள் பலவீனங்களை வகைப்படுத்தும் சிடபிள்யூஇ பட்டியல் இதற்கு 798 என்ற தனி எண்ணே கொடுத்திருக்கிறது.

2. நாங்கள் தருவது இஎக்ஸ்இ கோப்பு மட்டும்தான். மூலநிரல் இல்லாமல் அதற்குள் இருப்பதை யார் படிக்க முடியும்?

மூலநிரலை இஎக்ஸ்இ ஆகத் தொகுக்கும்போது நிரலின் கட்டளைகள்தாம் இயந்திர மொழியாகின்றன. மேற்கோள்குறிக்குள் எழுதிய சொற்கள் பெரும்பாலும் எழுத்து மாறாமல் அப்படியே கோப்புக்குள் இருக்கும். யூனிக்ஸ் உலகில் நெடுங்காலமாகப் புழங்கும் ‘ஸ்டிரிங்ஸ்’ என்ற கருவி எந்தக் கோப்பையும் துழாவி, படிக்கத்தக்க எழுத்துகள் நான்கோ அதற்கு மேலோ தொடர்ந்து வரும் இடங்களையெல்லாம் வரிவரியாகக் காட்டும். ஒரு பதிவேற்றும் மென்பொருளின் மீது அதை ஓட்டினால் ஆயிரக்கணக்கான வரிகள் வந்து விழும் என்பது உண்மைதான். ஆனால் அவற்றுள் ‘எஃப்டிபி’ என்று தேடினாலே சர்வரின் முகவரி தென்படும். அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். நிரலில் அருகருகே எழுதியவை தொகுத்த கோப்பிலும் பெரும்பாலும் அருகருகேதான் அமைகின்றன.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் எழுதியிருந்தால் இந்தத் தேடலும் தேவையில்லை. ஐஎல்ஸ்பை போன்ற கருவி செயற்கூறுகளின் பெயர்களோடு மூலநிரலையே ஏறக்குறைய மீட்டுத் தந்துவிடும். ஆண்ட்ராய்டு செயலியின் நிறுவல் கோப்பான ஏபிகே அடிப்படையில் ஒரு ஜிப் கோப்பு. அதைத் திறந்து ஜாவா நிரலாகக் காட்ட ஜாடெக்ஸ் இருக்கிறது. பைதான் நிரலைப் பைஇன்ஸ்டாலர் கொண்டு ஒரே கோப்பாகக் கட்டினாலும் பிரித்தெடுக்க வழி உண்டு. யூபிஎக்ஸ் என்ற சுருக்கும் கருவியால் சுருக்கினால், அதே யூபிஎக்ஸ் ஒரே கட்டளையில் விரித்தும் கொடுக்கும். இவை அனைத்தும் எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடியவை.

3. பேஸ்64 ஆக மாற்றி வைத்தால் போதாதா?

போதாது. பேஸ்64 என்பது தரவை 64 எழுத்துகளைக் கொண்டு வேறு வடிவில் எழுதும் முறை. அதற்குச் சாவி கிடையாது, ரகசியமும் கிடையாது. முடிவில் ஒன்றோ இரண்டோ சமக்குறிகளோடு நிற்கும் ஒரு தொடரைப் பார்த்தவுடனேயே பழகிய கண் அதை அடையாளம் கண்டுகொள்ளும். எழுத்துகளைத் திருப்பிப் போடுவது, துண்டுகளாக வெட்டி வைப்பது, எக்ஸ்ஓஆர் என்ற எளிய பிட் கணக்கால் மாற்றுவது போன்றவையும் தேடுபவரைச் சிறிது நேரம் தாமதப்படுத்தும், அவ்வளவே.

4. சரி, ஏஇஎஸ் போன்ற வலுவான குறியாக்கத்தைப் பயன்படுத்தினால்?

ஏஇஎஸ் வலுவானதுதான், ஆனால் கேள்வி அதன் வலுவைப் பற்றியதன்று. மென்பொருள் தானாகவே, பயனரிடம் எதுவும் கேட்காமல் கடவுச்சொல்லைத் திறந்து பயன்படுத்த வேண்டுமென்றால், திறக்கும் சாவியும் அதே மென்பொருளுக்குள் இருந்தாக வேண்டும். பெட்டியைப் பூட்டிச் சாவியையும் அதன் மேலேயே கட்டி அனுப்புவதற்கு இது சமம். ஒரு குறியாக்க முறையின் பாதுகாப்பு, முறையை மறைப்பதில் அல்லாமல் சாவியை மறைப்பதிலேயே இருக்க வேண்டும் என்று அகஸ்ட் கெர்காஃப்ஸ் 1883-இலேயே எழுதினார். இங்கே முறை, சாவி இரண்டுமே எதிராளியின் கையில் இருக்கின்றன.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாக்குபவர் குறியாக்கத்தை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. மென்பொருளே உரிய நேரத்தில் கடவுச்சொல்லைத் திறந்து நினைவகத்தில் வைக்கிறது. சர்வரோடு இணையும் செயற்கூற்றுக்குச் சற்று முன் டீபக்கரில் (ஓடும் நிரலை இடையில் நிறுத்திப் பார்க்கும் கருவி) நிறுத்தினால், அல்லது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகத்தைக் கோப்பாக எடுத்து அதில் தேடினால், கடவுச்சொல் வெறும் எழுத்துகளாக அங்கே கிடக்கும். எத்தனை அடுக்குக் குறியாக்கம் செய்தாலும் அவை அனைத்தும் அவிழ்ந்த பின் வரும் கணம் இது.

5. மென்பொருளைப் பிரிக்காமலேயே கடவுச்சொல்லை எடுத்துவிடலாம் என்று கேள்விப்பட்டேன். அது எப்படி?

எஃப்டிபி பயன்படுத்துகிறீர்கள் என்றால் அது உண்மை. 1985-இல் வெளியான ஆர்எஃப்சி 959 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வரையறுத்த அந்த நெறிமுறை, பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் எவ்விதக் குறியாக்கமும் இல்லாமல் அனுப்புகிறது. வலைப்போக்குவரத்தைக் காட்டும் வயர்ஷார்க் கருவியைத் திறந்து, 21-ஆம் போர்ட்டில் செல்வதை மட்டும் காட்டச் சொல்லிவிட்டு, உங்கள் மென்பொருளின் பதிவேற்றப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மென்பொருள் பயனர்பெயரை அனுப்பும். கடவுச்சொல் வேண்டும் என்ற பொருளில் சர்வர் 331 என்று பதில் தரும். அடுத்த வரியில் கடவுச்சொல் அப்படியே செல்லும். 230 என்ற பதிலோடு உள்நுழைவு முடியும். நான்கே வரிகள், நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

மென்பொருள் இருக்கும் கணினியில் மட்டுமன்றி, அந்தப் போக்குவரத்து கடந்து செல்லும் பொது வைஃபையிலும் இடையிலுள்ள கருவிகளிலும் இதே வரிகளைப் பார்க்க முடியும். 2 முதல் 4 வரையிலான கேள்விகளில் பேசிய மறைப்பு வேலைகள் எல்லாம் இந்த இடத்தில் பயனற்றுப் போகின்றன.

6. அப்படியானால் எஃப்டிபிஎஸ் அல்லது எஸ்எஃப்டிபிக்கு மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

மாறத்தான் வேண்டும், ஆனால் தீர்வது பாதிப் பிரச்சினை. இவை இரண்டும் தரும் குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்பு, வழியில் இருக்கும் மூன்றாமவரிடமிருந்து கடவுச்சொல்லைக் காக்கிறது. இணைப்பின் ஒரு முனையாகவே இருக்கும் கணினியின் உரிமையாளரிடமிருந்து அது காப்பதில்லை.

அவருக்குப் பல வழிகள் உண்டு. சர்வர் பெயர்களுக்கு முகவரி குறிக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்து, உங்கள் சர்வரின் பெயரைத் தம்முடைய சர்வருக்குத் திருப்பிவிடலாம். மென்பொருள் சர்வரின் அடையாளத்தைக் காட்டும் ஹோஸ்ட் சாவியையோ சான்றிதழையோ சரிபார்க்கவில்லை என்றால், கடவுச்சொல்லை அந்தப் போலிச் சர்வரிடம் தானாகவே ஒப்படைத்துவிடும். அவசரத்தில் எழுதப்படும் கருவிகளில் இந்தச் சரிபார்ப்பை அணைத்து வைப்பது மிகப் பரவலான பழக்கம். சான்றிதழ்ப் பிழை வந்தபோது ‘இப்போதைக்கு’ என்று அணைத்தது அப்படியே நிலைத்துவிடுகிறது. சரிபார்ப்பு ஒழுங்காக இருந்தாலும், ஃபிரிடா போன்ற கருவியால் ஓடும் நிரலின் செயற்கூற்றை இடைமறித்து, குறியாக்கம் ஆவதற்கு முன்பே மதிப்பைப் படிக்க முடியும்.

7. எங்கள் பயனர்கள் எல்லோரும் நம்பகமானவர்கள். அவர்கள் ஏன் இதைச் செய்யப் போகிறார்கள்?

பயனர்களைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அவர்கள் கணினிகள் தொலையும், பழுதுபார்க்கப் போகும், கைமாறும். நிறுவியை அவர்கள் நல்லெண்ணத்தோடு வேறொருவருக்கு அனுப்பி வைப்பார்கள். கடவுச்சொல் திருடுவதற்கென்றே எழுதப்பட்ட தீநிரல்கள் ஃபைல்ஸில்லா போன்ற பிரபல எஃப்டிபி மென்பொருள்களின் அமைவுக் கோப்புகளைத் தேடி எடுத்துச் செல்வது வழக்கம். கணினியின் உரிமையாளர் நேர்மையானவர் என்பதால் அந்தக் கணினியும் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

எண்ணிக்கையும் முக்கியம். ஒரே கடவுச்சொல் நூறு கணினிகளில் இருந்தால், அந்த நூற்றில் மிகக் குறைவாகப் பாதுகாக்கப்பட்ட கணினிக்கு என்ன பாதுகாப்போ அதுதான் உங்கள் சர்வருக்கும்.

8. கடவுச்சொல் கிடைத்தாலும் கோப்பைப் பதிவேற்றத்தானே முடியும்? அதனால் என்ன கெட்டுவிடும்?

இங்கேதான் கணிப்பு பெரும்பாலும் தவறுகிறது. உங்கள் மென்பொருள் அந்தக் கணக்கைப் பதிவேற்றத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறது. கணக்குக்கோ வழக்கமாக எல்லா உரிமைகளும் இருக்கும். அதே பயனர்பெயரோடு வேறொரு எஃப்டிபி மென்பொருளில் நுழைபவர் அடைவுகளைப் பட்டியலிடலாம், மற்றவர்கள் அனுப்பிய கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம், பெயர் மாற்றலாம், அழிக்கலாம். வாடிக்கையாளர்கள் அனுப்பிய அடையாளச் சான்றுகளோ மருத்துவ அறிக்கைகளோ அங்கே இருந்தால், ஒருவரின் மென்பொருளில் கிடைத்த கடவுச்சொல் எல்லோரின் ஆவணங்களையும் திறந்துவிடுகிறது.

இன்னும் மோசமானது, இணையதளம் இயங்கும் ஹோஸ்டிங் கணக்கையே பதிவேற்றத்துக்கும் பயன்படுத்துவது. தளத்தின் அடைவுக்குள் ஒரு சிறு பிஎச்பி கோப்பை வைத்து, அதன் முகவரியை உலாவியில் திறந்தால், அது சர்வரில் இயங்கும் நிரலாகிவிடும். அங்கிருந்து தரவுத்தளக் கடவுச்சொல்லுக்குச் செல்வது ஓர் அடிதான். உங்கள் மென்பொருளின் புதிய பதிப்புகளையும் அதே கணக்கில் வைத்திருந்தால், நிறுவியை நஞ்சூட்டிய ஒன்றாக மாற்றிவைத்து உங்கள் பயனர் ஒவ்வொருவரின் கணினிக்குள்ளும் நுழைய முடியும்.

மேலும், எல்லோரும் ஒரே பெயரில் நுழைவதால் சர்வரின் பதிவேடு யார் எதைச் செய்தார் என்று சொல்லாது. நடந்த பின் விசாரிக்கவும் வழியில்லாமல் போவது என் பார்வையில் இழப்புகளிலேயே பெரியது. பாதிக்கப்பட்டவர்களிடம் என்ன போயிற்று, என்ன போகவில்லை என்று நேர்மையாகச் சொல்லக்கூட முடியாத நிலை அது.

9. எழுத மட்டும் அனுமதியுள்ள தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுத்தால்?

உண்மையிலேயே பயன் தரும் முதல் யோசனை இது. அந்தக் கணக்கு ஒரே அடைவுக்குள் அடைபட்டிருக்க வேண்டும். பட்டியலிடவோ, இறக்கவோ, அழிக்கவோ, இருக்கும் கோப்பின் மேல் எழுதவோ முடியக் கூடாது. மொத்த அளவுக்கு வரம்பு இருக்க வேண்டும். விஎஸ்எஃப்டிபிடி, ஓப்பன்எஸ்எஸ்எச் ஆகிய சர்வர் மென்பொருள்கள் இரண்டிலும் இதில் பெரும்பகுதியைச் செய்யலாம். ஓப்பன்எஸ்எஸ்எச்சில் பயனரை ஓர் அடைவுக்குள் அடைக்கும்போது, அந்த மேல் அடைவு ரூட் என்ற நிர்வாகக் கணக்குக்குச் சொந்தமானதாகவும் வேறு யாரும் எழுத முடியாததாகவும் இருந்தாக வேண்டும். அதற்குள் ஒரு துணை அடைவில்தான் எழுதும் உரிமை கொடுக்க முடியும். இது புரியாமல், இணைப்பு மறுக்கப்படுவதைப் பார்த்து அடைப்பையே நீக்கிவிடுவோர் உண்டு.

இத்தனையும் செய்த பிறகும், கடவுச்சொல் தெரிந்தவர் குப்பைக் கோப்புகளை நிரப்பலாம், வேறொருவர் பெயரில் போலி ஆவணங்களை அனுப்பலாம். கடவுச்சொல்லை மாற்றினால் எல்லாப் பிரதிகளும் ஒரே நேரத்தில் நின்றுபோகும் என்ற சிக்கலும் அப்படியே இருக்கிறது. ஆகவே இதைச் சேதத்தைக் குறைக்கும் ஏற்பாடாக மட்டும் கொள்ளுங்கள்.

10. எஃப்டிபியே வேண்டாம், நேரடியாகக் கிளவுடில் சேமிக்கிறோம். அதன் அணுக்கச் சாவியை உள்ளே வைக்கலாம் அல்லவா?

கடவுச்சொல்லை விடச் சாவி பல சமயம் ஆபத்தானது, ஏனெனில் அதைத் தேடுவது எளிது. அமேசானின் நீண்டகால அணுக்கச் சாவியின் அடையாளம் 20 எழுத்துகள் கொண்டது; எப்போதும் ஏ, கே, ஐ, ஏ என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கும். ஆயிரக்கணக்கான செயலிகளை இறக்கி, அந்த நான்கு எழுத்துகளை மட்டும் தேடும் நிரல் எழுத அதிக நேரம் ஆகாது. சிமான்டெக் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வாறு சாவி பதிக்கப்பட்ட 1,859 மொபைல் செயலிகளைக் கண்டதாகக் கூறியது.

அந்தச் சாவிக்குச் சேமிப்பகத்தைத் தாண்டிய உரிமைகளும் இருந்தால், உங்கள் கணக்கில் பிறர் கணினிகளை இயக்க, கட்டணம் உங்கள் பெயரில் ஏறும். உரிமையை ஒரே வாளியில் (கிளவுடில் கோப்புகள் இருக்கும் கொள்கலன்) எழுதுவதற்கு மட்டும் சுருக்கினாலும், அமேசானின் சேமிப்பகச் சேவையான எஸ்3-இல் அதே பெயரில் எழுதினால் பழைய கோப்பு மாற்றப்பட்டுவிடும் என்பதை மறக்காமல், பழைய பதிப்புகளைக் காக்கும் வசதியை இயக்கி வையுங்கள்.

11. மூலநிரலின் பதிப்புகளைக் காக்கும் எங்கள் கிட் களஞ்சியம் தனிப்பட்டது. மூலநிரலில் கடவுச்சொல் இருந்தால்கூட வெளியே போகாதே?

தனிப்பட்ட களஞ்சியத்திலிருந்து போன வரலாறு இருக்கிறது. 2016-இல் ஊபரின் தனிப்பட்ட கிட்ஹப் களஞ்சியத்துக்குள் நுழைந்தவர்கள் அங்கே அமேசான் சாவியைக் கண்டெடுத்து, ஏறத்தாழ 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களை எடுத்தார்கள். டொயோட்டாவின் டி-கனெக்ட் சேவையில் நேர்ந்தது வேறு விதம்: ஒப்பந்ததாரர் ஒருவர் மூலநிரலின் ஒரு பகுதியைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்துவிட, அதிலிருந்த தரவுச் சர்வரின் சாவி 2017 டிசம்பரிலிருந்து 2022 செப்டம்பர் வரை எவரும் பார்க்கும்படி கிடந்தது.

கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி, அடுத்த கமிட்டில் (கிட்டில் பதியும் மாற்றம்) அந்த வரியை நீக்குவதால் ரகசியம் நீங்குவதில்லை என்பது. கிட் பழைய நிலைகளை எல்லாம் வைத்திருக்கும். களஞ்சியத்தைப் பிரதியெடுத்த ஒவ்வொருவரிடமும் அந்த வரலாறு முழுமையாக இருக்கும். ஒருமுறை கமிட் ஆன கடவுச்சொல்லை வெளியானதாகவே கொண்டு மாற்றிவிடுவதுதான் சரி.

12. மூலநிரலில் எழுதாமல், தனி அமைவுக் கோப்பிலோ சூழல் மாறியிலோ (இயங்குதளம் நிரலுக்குத் தரும் மதிப்பு) வைக்கச் சொல்கிறார்களே?

அந்த அறிவுரை உங்கள் சொந்தச் சர்வரில் ஓடும் நிரலுக்கானது. அங்கே அது மிகச் சரி. பிறருக்குக் கொடுக்கும் மென்பொருளில், ரகசியம் இஎக்ஸ்இக்குள் இருந்தாலும் பக்கத்துக் கோப்பில் இருந்தாலும் இரண்டுமே அவர் கணினியில்தான் இருக்கின்றன.

பதிவேற்றத்துக்குக் கர்ல் போன்ற வேறொரு நிரலை அழைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே கொடுத்தால், நிரல் ஓடும்வரை அது செயல்முறைப் பட்டியலில் தெரியக்கூடும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் கட்டளை வரிக்கான நெடுவரிசையை இயக்கினாலே போதும். முகவரிக்குள்ளேயே பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சேர்த்து எழுதும் வடிவமும் அப்படித்தான்: இணைப்பு தவறும்போது பிழைச் செய்தியிலும் பதிவுக் கோப்பிலும் முழு முகவரியும் பதிவாகிவிடும், அந்தப் பதிவுக் கோப்பைப் பயனர் உதவி கேட்டு எங்கெங்கோ அனுப்புவார்.

13. எல்லாவற்றையும் கூடாது என்கிறீர்கள். அப்படியானால் எப்படித்தான் செய்வது?

சேமிப்பகத்தின் ரகசியம் உங்கள் சர்வரை விட்டு வெளியேறவே கூடாது. மென்பொருளுக்குப் போவது குறுகிய காலத்துக்கு, ஒரே செயலுக்கு மட்டும் செல்லும் அனுமதியாக இருக்க வேண்டும். நடைமுறையில் இது நான்கு படிகளாக அமையும். பயனர் தம் அடையாளத்தோடு உங்கள் சர்வரை அணுகி, இன்ன பெயரில் இன்ன அளவுள்ள கோப்பை அனுப்ப விரும்புவதாக மென்பொருள் வழியாகக் கேட்கிறார். உங்கள் சர்வர் அவருக்கு அந்த உரிமை உண்டா என்று பார்க்கிறது. உண்டென்றால், தன்னிடமுள்ள சாவியால் கையொப்பமிட்ட ஒரு முகவரியை உருவாக்கித் தருகிறது. மென்பொருள் கோப்பை அந்த முகவரிக்கு நேரடியாக அனுப்புகிறது. பெரிய கோப்புகளின் சுமை உங்கள் சர்வரின் மீது விழுவதில்லை, சாவியும் கைமாறுவதில்லை.

அமேசான், கூகுள், அசூர் மூன்றுமே இத்தகைய வசதியைத் தருகின்றன. எஸ்3-இன் முன்கையொப்ப முகவரிக்கு அதிகபட்சம் 7 நாள் ஆயுள் கொடுக்கலாம். ஆனால் பதிவேற்றத்துக்குச் சில நிமிடங்களே போதும் என்பதால் அவ்வளவு கொடுக்காதீர்கள். கோப்பின் பெயரை மென்பொருள் தீர்மானிக்க விடாமல் சர்வரே தீர்மானித்தால், ஒருவர் மற்றவரின் கோப்பின் மேல் எழுதுவதையும் தடுத்துவிடலாம். கோப்பின் அளவுக்குக் கீழ் வரம்பும் மேல் வரம்பும் விதிக்க வேண்டுமென்றால், படிவ முறையில் அனுப்பும் கையொப்பக் கொள்கையில் அதற்கு இடமுண்டு.

கிளவுட் இல்லாதவர்கள் இதற்காகக் கிளவுடுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் சொந்தச் சர்வரில் எச்டிடிபிஎஸ் வழியாகக் கோப்பைப் பெறும் ஒரு சிறு நிரலே எஃப்டிபி கணக்கின் இடத்தை நிரப்பிவிடும். பெறும் கோப்புகளை இணையதளத்தின் அடைவுக்கு வெளியே வைப்பது மட்டும் கட்டாயம். காரணம் 8-ஆம் விடையில் இருக்கிறது.

14. அந்த இடைச் சர்வரை அணுகவும் மென்பொருளுக்கு ஏதாவது ரகசியம் வேண்டுமே? சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தானே வருகிறோம்?

கூர்மையான கேள்வி. பலர் இங்கே ‘ஏபிஐ சாவி’ என்ற பெயரில் இன்னொரு பொது ரகசியத்தை உள்ளே வைத்து, விட்ட தவற்றை மீண்டும் செய்கிறார்கள். விடை, அடையாளம் மென்பொருளுடையதாக இல்லாமல் பயனருடையதாக இருக்க வேண்டும் என்பது. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் நுழைந்தால், ஒருவருடையது கசிந்தாலும் அவருடைய அணுக்கத்தை மட்டும் ரத்து செய்யலாம். பதிவேட்டில் பெயரும் இருக்கும்.

பலருக்கு விநியோகிக்கும் செயலிக்குள் வைத்த ரகசியத்தை ரகசியமாகவே கருதக் கூடாது என்று 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8252 வெளிப்படையாகச் சொல்கிறது. அது பரிந்துரைக்கும் வழி, உலாவியில் பயனரை நுழையச் செய்து, பிகேசிஇ என்ற முறையோடு டோக்கன் (தற்காலிக அனுமதிச் சீட்டு) பெறுவது. அதில் மென்பொருள் ஒவ்வொரு முறையும் புதிதாக ஊகிக்க முடியாத ஒரு மதிப்பை உருவாக்கி, முதலில் அதன் ஹாஷை (மூலத்தைத் திரும்பப் பெற முடியாத சுருக்கக் குறி) மட்டும் அனுப்பி, பின்னர் மூல மதிப்பைக் காட்டித் தன்னை உறுதிப்படுத்துகிறது. முன்கூட்டியே பதித்த ரகசியம் எதுவும் தேவைப்படுவதில்லை. உலாவி இல்லாத கருவிகளுக்கு, திரையில் காட்டும் குறியீட்டை வேறொரு கருவியில் உள்ளிடும் முறையை 2019-இன் ஆர்எஃப்சி 8628 வரையறுக்கிறது.

யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதுதான் உங்கள் சேவை என்றால், அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, அளவு வரம்பு, எண்ணிக்கை வரம்பு, தீநிரல் சோதனை ஆகியவற்றைச் சர்வர் பக்கம் வையுங்கள். அங்கே கடவுச்சொல் ஒன்றை வைப்பது பாதுகாப்பு இருப்பதுபோன்ற நினைப்பைத் தவிர வேறு எதையும் தராது.

15. இரவில் ஆளில்லாமல் தானாக ஓடும் பதிவேற்றம் எங்களுடையது. கடவுச்சொல் உள்ளிட யாரும் இருக்க மாட்டார்களே?

அப்போது அடையாளம் பயனருக்கு மாறாக அந்தக் கணினிக்கு உரியதாகிறது. நிறுவும்போது ஒரு நிர்வாகி ஒருமுறை மட்டும் செல்லும் குறியீட்டை உள்ளிட, கணினி தனக்கென்று ஒரு சாவி இணையை அங்கேயே உருவாக்கி, பொதுச் சாவியை மட்டும் சர்வரில் பதிவுசெய்வது நல்ல ஏற்பாடு. தனிச் சாவி அந்தக் கணினியை விட்டு வெளியே போவதில்லை. டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு இருந்தால் அதற்குள்ளேயே வைக்கலாம்.

எஸ்எஃப்டிபி பயன்படுத்துவோர், சர்வரின் அனுமதிச் சாவிக் கோப்பில் ஒவ்வொரு பொதுச் சாவிக்கும் முன்னால் கட்டுப்பாடுகளை எழுதலாம்: எந்த முகவரியிலிருந்து மட்டும் வரலாம், கோப்புப் பரிமாற்றம் தவிர வேறு கட்டளை கூடாது என்பன போன்றவை. 9-ஆம் விடையில் சொன்ன அடைப்பையும் இதோடு சேர்த்தால், ஒரு கணினி திருடு போனாலும் அந்த ஒரு வரியை நீக்குவதோடு முடிந்துவிடும்.

16. பயனர் தம் சொந்தக் கடவுச்சொல்லை ‘நினைவில் வை’ என்று சொன்னால் எப்படிச் சேமிப்பது?

இயங்குதளம் தரும் பெட்டகத்தில் வையுங்கள்: விண்டோஸில் டிபிஏபிஐ, மேக்கில் கீசெயின், ஆண்ட்ராய்டில் கீஸ்டோர். டிபிஏபிஐ பயனரின் விண்டோஸ் உள்நுழைவோடு பிணைத்துக் குறியாக்குவதால், கோப்பை மட்டும் வேறு கணினிக்கு எடுத்துச் சென்றால் திறக்காது. ஆனால் அதே பயனரின் பெயரில் ஓடும் தீநிரல் அதைத் திறக்கச் சொன்னால் திறந்துவிடும். இந்த எல்லையைத் தெரிந்துகொண்டே பயன்படுத்த வேண்டும். கடவுச்சொல்லைச் சேமிப்பதை விட, ரத்து செய்யத்தக்க டோக்கனைச் சேமிப்பது மேலும் நல்லது.

ஃபைல்ஸில்லா நெடுங்காலம் கடவுச்சொற்களைப் படிக்கத்தக்க வடிவிலேயே வைத்திருந்தது. முதன்மைக் கடவுச்சொல்லால் பூட்டும் வசதி 2017-இல்தான் அதில் வந்தது. இன்றும் அதைப் பயனர்தான் இயக்க வேண்டும்.

17. இது அலுவலகத்துக்குள் சிலர் மட்டும் பயன்படுத்தும் சிறு கருவி. இதற்கும் இவ்வளவு தேவையா?

கருவியின் அளவைப் பார்க்காதீர்கள். அந்தக் கடவுச்சொல் எதைத் திறக்கிறது என்று பாருங்கள். கசிந்தால் போவது பொது அறிவிப்புப் படங்கள் மட்டும்தான், கணக்கு 9-ஆம் விடையில் சொன்னபடி அடைபட்டிருக்கிறது, கடவுச்சொல்லை ஒரே நாளில் எல்லாக் கணினிகளிலும் மாற்ற முடியும் என்றால், தெரிந்தே ஏற்றுக்கொள்ளலாம். பிறருடைய தனிப்பட்ட ஆவணங்கள் ஒன்றிரண்டாவது அங்கே இருந்தால் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதே என் கருத்து. அந்த ஆபத்தை ஏற்கும் உரிமை ஆவணத்துக்கு உரியவருடையது, நம்முடையதன்று.

18. ஏற்கெனவே கடவுச்சொல்லோடு விநியோகித்துவிட்டோம். இப்போது என்ன செய்வது?

பலர் உடனே செய்வது கடவுச்சொல்லை மாற்றி, புதியதை உள்ளே வைத்து, புதிய பதிப்பை வெளியிடுவது. அதனால் பழைய பிரதிகள் நின்றுபோவதைத் தவிர எதுவும் மாறாது. புதியதும் அதே வழியில் வெளியேறும்.

முதல் வேலை, பழைய கணக்கின் உரிமைகளைச் சர்வரில் இன்றே சுருக்குவது. பதிவேற்றம் மட்டும் தொடர்ந்து நடக்கும்படி விட்டு, பட்டியலிடுதல், இறக்குதல், அழித்தல் ஆகியவற்றை மறுத்துவிடலாம். இதற்கு மென்பொருளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அதே கடவுச்சொல் வேறு எங்காவது பயன்படுகிறதா என்று பார்த்து அங்கெல்லாம் மாற்றுங்கள். ஏற்கெனவே வந்து சேர்ந்த கோப்புகளை அந்தக் கணக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்துங்கள். சர்வரின் பழைய பதிவுகள் அழிந்துபோகும் முன் பிரதியெடுத்து, உங்கள் மென்பொருள் ஒருபோதும் செய்யாத கட்டளைகள், குறிப்பாகப் பட்டியலிடுதலும் இறக்குதலும், அவற்றில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் கணக்கை உடனே மூடிவிட வேண்டும். சேவை தடைபட்டாலும் சரி, பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

அறிகுறி எதுவும் இல்லையென்றால், 13, 14-ஆம் விடைகளில் சொன்ன முறையில் புதிய பதிப்பைத் தயாரித்து, பயனர்களுக்கு நாள் குறித்துச் சொல்லி, அந்த நாளில் பழைய கணக்கை நிரந்தரமாக மூடுங்கள். நாள் குறிக்காமல் விட்ட பழைய கணக்குகள் ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடக்கும்.

19. எங்கள் மென்பொருளில் ஏதாவது ரகசியம் தங்கியிருக்கிறதா என்று நாங்களே எப்படிச் சோதிப்பது?

மூலநிரலைத் தேடுவதோடு நிறுத்தாமல், பயனர் கைக்குப் போகும் நிறுவியையே சோதியுங்கள். அதை வேறொரு கணினியில் நிறுவி, நிறுவப்பட்ட ஒவ்வொரு கோப்பிலும் உங்கள் உண்மையான கடவுச்சொல்லைத் தேடுங்கள். சாதாரண வடிவில் மட்டுமன்றி, விண்டோஸ் நிரல்களில் வழக்கமான யூடிஎஃப்-16 வடிவிலும் பேஸ்64 வடிவிலும் தேட வேண்டும். எழுத்துகளுக்கு இடையே வெற்று பைட்டுகள் நிற்பதால், யூடிஎஃப்-16 தொடர்களை ஸ்டிரிங்ஸ் கருவி தன் இயல்பான அமைப்பில் காட்டாது, அதற்கெனத் தனி விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். பின்னர் மென்பொருளை ஓட்டி, 5-ஆம் விடையில் சொன்னபடி வயர்ஷார்க்கில் பாருங்கள். வேண்டுமென்றே இணைய இணைப்பைத் துண்டித்துப் பிழையை வரவழைத்து, பதிவுக் கோப்பில் என்ன எழுதப்படுகிறது என்றும் படியுங்கள்.

கிட் வரலாற்றைத் தேட கிட்லீக்ஸ், ட்ரஃபிள்ஹாக் போன்ற கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கமிட்டுக்கும் அவை தானாக ஓடும்படி அமைக்கலாம். அவை தெரிந்த வடிவிலுள்ள சாவிகளை நன்றாகப் பிடிக்கும். சாதாரணச் சொல்லாகவே இருக்கும் எஃப்டிபி கடவுச்சொல்லைத் தவறவிடக்கூடும். அதனால் முந்தைய பத்தியில் சொன்ன கைச்சோதனையை ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் முன் செய்யுங்கள். எங்காவது ஒன்று அகப்பட்டால், அந்தப் பதிப்பு ஏற்கெனவே வெளியே போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் 18-ஆம் விடையின் முதல் வேலையிலிருந்து தொடங்குங்கள்.